நாலு வருஷம் தூங்கிய மோட்டார்

பொங்கல் முடிந்த மறு வாரம். சம்பா அறுப்புக்கு மிஷின் வருமா வராதா என்று வரப்பில் குந்திக்கொண்டிருந்தபோது பஹ்ரைனிலிருந்து போன்.

"மாப்ள, அடுத்த மாசம் கணக்கு முடிச்சிட்டு வந்துர்றேன். இனிமே போகமாட்டேன். பழைய பைபர் படகு ஒண்ணு பேசி முடிச்சாச்சு. மோட்டாரு நம்மகிட்ட இருக்குல்ல?"

"இருக்கு மாப்ள" என்று சொல்லிவிட்டேன். இருந்தது உண்மைதான். எந்த நிலையில் இருந்தது என்பதுதான் எனக்கே தெரியாது. அந்தக் கொட்டகைப் பக்கம் நான் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு எங்கள் ஊர் தெரியும். கல்லணைக் கால்வாயின் கடைமடை. தண்ணீர் வந்தால் நெல், வராவிட்டால் தென்னை மட்டும். வீட்டிலிருந்து நாலு கிலோமீட்டர் கிழக்கே போனால் கடல், பாக் நீரிணை. அலை பெரிதாக இருக்காது, ஆழமும் கிடையாது. இடுப்பளவுத் தண்ணீரிலேயே வெகுதூரம் நடந்து போகலாம். கடலுக்குள்ளே புல் வளர்ந்து கிடக்கும். அந்தப் புல்லை மேய வருகிற ஆவுளியாவுக்காக, அதாவது கடல் பசுவுக்காக, 2022இல் எங்கள் கடலைப் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். நண்டும் அந்தப் புல்லுக்குத்தான் வரும். மாப்ளயின் பிழைப்பு அந்த நண்டு.

நானும் அவனும் ஆறாவதிலிருந்து ஒரே பெஞ்சு. அவன் பேரை இங்கே எழுதினால் திட்டுவான், மாப்ள என்றே வைத்துக்கொள்வோம். நான் கொல்லைக்காரன், அவன் கடல்காரன். அவன் வீட்டிலிருந்து நண்டும் கருவாடும் வரும், எங்கள் வீட்டிலிருந்து தேங்காயும் அரிசியும் போகும். முப்பது வருஷமாக யாரும் இதற்குக் கணக்கு எழுதியதில்லை.

2018 நவம்பர் 15ஆம் தேதி சாயங்காலம், கஜா வருகிறது என்று ஊரெல்லாம் ஒலிபெருக்கி வைத்துச் சொன்னபோது, அவன் படகிலிருந்து மோட்டாரைக் கழற்றி எக்ஸெல் வண்டியில் குறுக்காகக் கட்டி எங்கள் தோப்புக்குக் கொண்டுவந்தான். "படகத் தூக்க முடியாது, இதையாச்சும் ஒங்க மோட்டார் கொட்டகையில வச்சிக்கிறேன்" என்றான். 9.9 குதிரைசக்தி, டூ ஸ்ட்ரோக், இரண்டு சிலிண்டர். பெட்ரோலில் ஸ்டார்ட் பண்ணி சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுகிற ரகம். நாற்பது கிலோவுக்குப் பக்கம் இருக்கும். எங்கப்பா காலத்து ஆயில் இன்ஜின் இருந்த மேடைக்குப் பக்கத்தில் ரெண்டு பனைச் சட்டத்தை ஊன்றி அதில் மாட்டினோம். அன்றைக்குக் காலையில் கடலுக்குப் போய் வந்த மோட்டார் அது. உள்ளே உப்புத்தண்ணி அப்படியே இருந்தது. நல்ல தண்ணியில் ஓடவிட்டுக் கழுவ அன்றைக்கு யாருக்கு நேரம்?

விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. என் தோப்பில் 140 மரம் சாய்ந்தது. அவன் படகு ரெண்டாகப் பிளந்து கருவைக் காட்டுக்குள் கிடந்தது. கொட்டகை மட்டும் எப்படியோ நின்றது. மேலே விழ வேண்டிய மரம் பக்கத்து மரத்தில் சாய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது.

நிவாரணம் வந்தது. படகு வாங்குகிற அளவுக்கு வரவில்லை. கூலிக்கு நாலு மாதம் மற்றவர்கள் படகில் போனான். பிறகு ஏஜெண்டுக்குப் பணம் கட்டி பஹ்ரைனுக்கு, அங்கேயும் மீன்பிடி வேலைக்கே, போய்விட்டான். போகிற அன்றைக்கு ஒன்றே ஒன்று சொன்னான்: "மாசத்துக்கு ஒருதரம் பிளக்கக் கழட்டி ரெண்டு சொட்டு ஆயில் விட்டு கயித்த இழுத்துவிடு மாப்ள. இறுகிடாம பாத்துக்க."

ரெண்டு மாதம் செய்தேன். மூன்றாவது மாதம் விட்டுப்போயிற்று. அதற்குப் பிறகு அந்தத் தோப்புக்குள் போகவே எனக்கு மனசு வரவில்லை. சாய்ந்த மரங்களை அறுத்து அப்புறப்படுத்தின பிறகு அது வெறும் பொட்டல். சாக்கு என்று நினைக்காதீர்கள். சாக்குதான்.

சரி, கதைக்கு வருகிறேன். போன் வந்த அன்று சாயங்காலமே போய் உரச்சாக்கை விலக்கினேன். மேல் மூடியைத் திறந்தால் தேங்காய் நாரும் கோழி இறகுமாக அணில் கூடு. ஒரு ஒயரைக் கடித்துத் தோலை உரித்து வைத்திருந்தது. அலுமினியத்தில் அங்கங்கே வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது உப்பு. இந்த இடத்தில் விவரம் தெரிந்தவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். நான் கயிற்றைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தேன். கயிறு வரவில்லை. ஒரு விரக்கடை கூட வரவில்லை. சுவரில் அடித்த ஆணியைப் பிடித்து இழுத்த மாதிரி இருந்தது.

அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. புது மோட்டார் லட்சத்துக்கு மேல். அவன் சேர்த்த காசு படகுக்கும் வலைக்கும் சரியாகப் போகிறது. மோட்டார் இருக்கிறது என்கிற தைரியத்தில்தான் அவன் திரும்பி வருவதே.

மறுநாள் கடற்கரைக்குப் போய் அவுட்போர்டு மெக்கானிக் அண்ணனைப் பார்த்தேன். அறுபது வயசுக்கு மேல். ஓலைக் கொட்டகைக்குள் ஏழெட்டு மோட்டார் தலைகீழாகவும் நேராகவும் மாட்டியிருக்கும். மாசி பிறக்கப் போகிறது, கடல் அமர்கிற நேரம், அவருக்கு மூச்சுவிட நேரமில்லை. விஷயத்தைச் சொன்னேன்.

"இழுத்துப் பாத்தியளா?"

"பாத்தேண்ணே. அசையல."

"எத்தன தரம்?"

"ஒரு தரந்தான்."

"புண்ணியவான். நாலு தரம் இழுத்திருந்தா ரிங்கு போயிருக்கும். இங்க கொண்டாந்தா மாசிக் கடேசிலதான் கை வைப்பேன். நீங்க ஆயில் இன்ஜின் பாத்த ஆளுதானே? நான் சொல்றதச் செய்யிங்க. மொதல்ல இறுக்கம் மேலயா கீழயான்னு பாருங்க. அத வச்சித்தான் மத்தது."

இந்த மேலே கீழே விஷயத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அவுட்போர்டு என்பது படகின் பின் பலகையில் தொங்கவிடுகிற மோட்டார். தலையில் இன்ஜின். அதிலிருந்து ஒரு நீளத் தண்டு கீழே இறங்குகிறது. அடியில் கியர் பெட்டி, அதன் வாலில் ப்ரொப்பல்லர். கியர் பெட்டிக்கு மேலே, அந்தத் தண்டிலேயே, ரப்பர் இதழ் வைத்த ஒரு சின்னச் சக்கரம் சுற்றும். அதற்கு இம்பெல்லர் என்று பேர். அதுதான் கடல்தண்ணியை உறிஞ்சி மேலே இன்ஜினுக்கு அனுப்பிக் குளிரவைக்கிறது. எங்கள் ஆயில் இன்ஜினுக்குத் தொட்டியில் தண்ணி இருக்கும். இதற்குக் கடல்தான் தொட்டி. தண்ணியில் இல்லாமல் ஓட்டினால் ஒரு நிமிஷத்துக்குள் அந்த ரப்பர் கருகிவிடும், அப்புறம் இன்ஜின். ஆகவே மோட்டார் சுற்றவில்லை என்றால் மேலே பிஸ்டன் பிடித்திருக்கலாம், கீழே பம்ப்போ கியரோ பிடித்திருக்கலாம். கீழ்ப்பாதியைக் கழற்றி எடுத்துவிட்டு மேலே சுற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கழற்றுவதற்கு முன் கியர் ஆயிலை வடித்தேன். ரெண்டு திருகு, அடியில் ஒன்று மேலே ஒன்று. அடித் திருகைத் திறந்ததும் நல்ல ஆயிலாக இருந்தால் தேன் மாதிரி இறங்கும். இது பால் கலந்த டீ மாதிரி இறங்கியது. உள்ளே கடல்தண்ணி போயிருக்கிறது என்று அர்த்தம். எப்படிப் போனது என்பது ப்ரொப்பல்லரைக் கழற்றியதும் தெரிந்தது. தண்டைச் சுற்றி நண்டுவலை நரம்பு, ஒரு பந்து. ஓடும்போது மிதந்து வருகிற அறுந்த நரம்பு சுற்றிக்கொள்ளும், இறுகும், சூடாகும், உள்ளே இருக்கிற ரப்பர் சீலை அறுத்துவிடும். பிளேடை வைத்து அரை மணி நேரம் அறுத்து எடுத்தேன். அவன் வலை நரம்பேதான், பச்சை நிறம். அவனுக்கே தெரியாமல் அவன் வலையே அவன் மோட்டாருக்குள் தண்ணியை விட்டிருக்கிறது.

கீழ்ப்பாதியைப் பிடித்திருப்பது ஒருசில போல்டுகள்தான். அதில் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் முக்கி முனகி வந்துவிட்டது. உப்பு உட்கார்ந்த போல்டை அவசரப்படுத்தக் கூடாது. டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து விட்டு ஒரு ராத்திரி ஊறவைத்து, சுத்தியலால் மெல்லத் தட்டி, கொஞ்சம் இறுக்குகிற பக்கம் அசைத்து, பிறகு தளர்த்துகிற பக்கம் என்று போய் வந்து போய் வந்து எடுக்க வேண்டும். அப்பா ஆயில் இன்ஜினில் சொல்லிக்கொடுத்தது. எல்லாம் தெரிந்திருந்தும் கடைசி போல்டில், வயலில் அறுப்பு மிஷின் வந்து நிற்கிறது என்று பையன் கூப்பிட, ஸ்பேனரை ஒரே அழுத்து. டப். தலை கையோடு வந்துவிட்டது. உடம்பு உள்ளேயே இருக்கிறது.

மிஷினுக்காரருக்கு மணிக்கணக்கு வாடகை. போல்டைப் பார்த்து அழுவதற்குக்கூட நேரமில்லாமல் ஓடினேன். நெல்லைக் கரையேற்றி மூட்டை பிடித்து முடிக்க ரெண்டு நாள். மூன்றாம் நாள் அந்தக் கீழ்ப்பாதியை ஒருவழியாக நெம்பாமல் இறக்கி, உடைந்த போல்டோடு மேல்பாதியையும் டெம்போவில் ஏற்றி, லேத் பட்டறைக்குக் கொண்டுபோய், நடுவில் ஓட்டை போட்டு எடுத்து, மரை வெட்டிக்கொண்டு வந்தேன். பட்டறைத் தம்பி 400 ரூபாய் வாங்கினான். அவசரத்துக்கு அது கம்மி.

கீழ்ப்பாதி கழன்ற பிறகும் மேலே ஃப்ளைவீல் அசையவில்லை. பிஸ்டன்தான் பிடித்திருக்கிறது.

ரெண்டு பிளக்கையும் கழற்றி, ஓட்டை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தேன். மேல் சிலிண்டரில் செம்பழுப்பாகத் துரு. டீசலும் டூடி ஆயிலும் சரிபாதி கலந்து ஒவ்வொரு ஓட்டையிலும் ரெண்டு கரண்டி விட்டேன். மோட்டாரைக் கொஞ்சம் சாய்த்து வைத்தேன், எண்ணெய் பிஸ்டனைச் சுற்றி நிற்க வேண்டும் இல்லையா? பிறகு செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. காத்திருப்பதுதான். விவசாயிக்கு இது வராது என்று யாரும் சொல்ல முடியாது, ஆனால் நெல்லுக்குக் காத்திருப்பதும் துருவுக்குக் காத்திருப்பதும் ஒன்றில்லை. தினமும் காலையில் மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டுப் போய் ஃப்ளைவீலை ரெண்டு கையாலும் பிடித்து ஒரு திருகு. அசையாது. மறுபடி ஒரு கரண்டி எண்ணெய். கம்பியை விட்டு நெம்பலாமா என்று ஒருநாள் யோசித்து கம்பியைக் கையில் எடுத்தும் விட்டேன். உடைந்த போல்டு ஞாபகம் வந்து கீழே போட்டேன்.

இந்த ஐந்து நாட்களில் எழுதியே ஆக வேண்டிய இன்னொன்றும் மனசுக்குள் அரித்துக்கொண்டிருந்தது.

2020, ஊரடங்கு. தேங்காய் போகவில்லை. புயலுக்குப் பிறகு வைத்த கன்றுகளுக்காக அடகு வைத்த நகைக்கு வட்டி கட்ட வேண்டும். அப்போது வேறு ஊரிலிருந்து ஒருத்தர் வந்து, "ஒங்க கொட்டகையில ஒரு மோட்டார் சும்மா கெடக்காமே" என்றார். அன்றைக்குக் கயிறு நன்றாகவே வந்தது, அவரே இழுத்துப் பார்த்தார். 22,000 என்று பேசினார். நான் சரி என்றேன். ஆமாம், சரி என்றேன். 2,000 ரூபாய் அட்வான்ஸும் வாங்கிப் பையில் வைத்தேன். மாப்ளயிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம், அவன் வரும்போது வேறு வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று கணக்கு.

ராத்திரி வீட்டில் சொன்னேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "அவுககிட்ட கேட்டியளா?" என்றாள். இல்லை என்றேன். "நாளைக்கு அந்தப் புள்ள கருவாடு கொண்டாந்து குடுக்கும். நான் எப்புடி அது மூஞ்சில முழிப்பேன்?" அவ்வளவுதான் பேச்சு. விடிந்ததும் போய்ப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். நகை ஆறு மாதம் கழித்துத்தான் மீண்டது. அதை மாப்ளயிடம் நான் சொல்லவே இல்லை. விற்கவில்லையே, பிறகு என்ன சொல்வது என்று விட்டுவிட்டேன். ஆனால் அதற்கப்புறம் அந்த மோட்டாரைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. மாதம் ஒருதரம் இழுக்க வேண்டியதை இழுக்காமல் போனதற்குப் பாதிக் காரணம் அதுதான் என்று இப்போது நினைக்கிறேன். கொட்டகைக்குப் போகாமல் இருந்து இருந்து, அது இறுகிவிட்டது.

ஆறாம் நாள் காலை. பிடித்துத் திருகினேன். ஒரு நூல் அசைந்தது. நிஜமா, என் கைதான் வழுக்கியதா என்று தெரியவில்லை. ஃப்ளைவீலில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டு மறுபடி திருகினேன். கோடு நகர்ந்தது. ஒரு விரக்கடை, பிறகு ரெண்டு, பிறகு பிசுபிசுவென்று ஒரு சத்தத்தோடு முழுச் சுற்று. ஓட்டையிலிருந்து துருக் கலந்த எண்ணெய் என் சட்டையில் பீச்சியது. அந்தச் சட்டை இன்னும் வெளுக்கவில்லை.

மெக்கானிக் அண்ணனுக்குப் போன் போட்டேன். "சுத்துதா? வெள்ளாட்டு மூளை மாதிரி பொறுமையா இருந்தியள்னா எல்லாம் சுத்தும்" என்றார். வெள்ளாட்டுக்கும் பொறுமைக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை, கேட்கவும் இல்லை.

மற்றதெல்லாம் சடசடவென்று நடந்தது. சீல் செட், இம்பெல்லர், ரெண்டு பிளக், கியர் ஆயில், எரிபொருள் குழாய் எல்லாம் சேர்த்து 4,300 ரூபாய். பழைய இம்பெல்லரின் இதழ்கள் ஒரே பக்கம் வளைந்து, கல்லாகி, தொட்டால் ஒடிந்தன. சீல் மாற்றுவதற்கு மட்டும் கீழ்ப்பாதியை அண்ணனிடமே கொண்டுபோனேன். அதற்குத் தனிக் கை வேண்டும். கியர் ஆயிலை அடித் துளை வழியாகத்தான் ஏற்ற வேண்டும், மேல் துளையில் வழிகிற வரைக்கும். வழிந்ததும் முதலில் மேல் திருகை அடைத்துவிட்டு, அப்புறம் அடியை அடைக்க வேண்டும். மேலிருந்து ஊற்றினால் காற்று அடைத்துக்கொண்டு பாதிதான் ஏறும். தாளடியில் சைபன் குழாய் போட்டவர்களுக்கு இது உடனே புரியும்.

கீழே ஒரு துத்தநாகத் துண்டு திருகியிருக்கும். கடல்தண்ணியில் உலோகம் அரிக்கும்போது முதலில் அது அரிபட்டு அலுமினியத்தைக் காப்பாற்றும். நம்ம துண்டு பாதி கரைந்திருந்தது, மீதிப் பாதியில் நீல பெயிண்ட். 2017இல் மோட்டாருக்குப் பெயிண்ட் அடித்தபோது அழகாக இருக்கட்டும் என்று நான்தான் அதற்கும் சேர்த்து அடித்தேன். பெயிண்ட் அடித்தால் அது வேலை செய்யாது என்று அண்ணன் சொல்லித்தான் தெரியும். மாப்ள இதுவரை அதை என்னிடம் சொன்னதில்லை.

கார்ப்பரேட்டரைத் திறந்தால் அடியில் பழைய பெட்ரோல் காய்ந்து பிசினாகி, வார்னிஷ் நாற்றம். பெட்ரோலை விட்டுவைத்தால் இப்படித்தான் ஆகும். ஊரடங்கில் பைக்கை மாதக்கணக்கில் நிறுத்திவிட்டு ஸ்டார்ட் ஆகவில்லை என்று உதைத்தவர்கள் உங்களில் எத்தனை பேர்? அதே வியாதிதான். நிறுத்தப் போகிறோம் என்றால் எரிபொருள் குழாயைப் பிடுங்கிவிட்டு, கார்ப்பரேட்டரில் இருப்பது தீர்ந்து தானாக நிற்கும்வரை ஓடவிட வேண்டும். ஜெட்டில் ஒரு மயிரிழைத் துவாரம் இருக்கிறது, அது அடைத்தால் எல்லாம் முடிந்தது. ஒயரிலிருந்து ஒரு செப்பு இழையை உருவி குத்தப் போனேன். "கம்பி விடாதிய, ஓட்ட பெருசாயிரும்" என்று அண்ணன் முன்னமே சொல்லியிருந்தது ஞாபகம் வர, பெட்ரோலில் ஊறவைத்து சைக்கிள் பம்ப் வைத்து ஊதினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஊசிமுனை அளவுக்கு வானம் தெரிந்தது.

அணில் கடித்த ஒயருக்கு டேப் சுற்றி, பிளக்கை இன்ஜின் உடம்பில் வைத்து இழுத்துப் பார்த்ததில் ரெண்டிலும் நீலப் பொறி வந்தது. டூடி ஆயிலைக் கொஞ்சம் தாராளமாகக் கலந்து புது பெட்ரோல். 200 லிட்டர் டிரம்மை அறுத்து வாய் அகலமாக்கி, பம்புசெட் தண்ணியை நிரப்பி, மோட்டாரை அதில் இறக்கி மாட்டினேன். ப்ரொப்பல்லருக்கு மேலே இருக்கிற தட்டை முழுகுகிற அளவுக்குத் தண்ணி நிற்க வேண்டும். பையன், வீட்டுக்காரி, பக்கத்துக் கொல்லைப் பெரியப்பா, ரெண்டு நாய் எல்லாரும் வந்துவிட்டார்கள். மாப்ளயை வாட்ஸப் வீடியோவில் பிடித்து பையன் போனை உயர்த்திக் காட்டினான்.

பதினோரு தரம் இழுத்தேன். ஒன்றுமில்லை. பன்னிரண்டாவதில் ஒரு இருமல். பதினாலாவதில் பிடித்துக்கொண்டது. உள்ளே விட்ட எண்ணெயெல்லாம் எரிந்து வெள்ளைப் புகை கொட்டகையை மூடிவிட்டது. பெரியப்பா "தீ தீ" என்று கத்துகிறார். நாய்கள் ஓடிவிட்டன. போனிலிருந்து மாப்ள வேறு ஏதோ கத்துகிறான். புகையில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, அவன் சந்தோஷத்தில் கத்துகிறான் என்று நினைத்து நானும் கையைத் தூக்கினேன். பையன்தான் ஓடிவந்து காதுக்குள் சொன்னான்: "அப்பா, மாமா தண்ணி வருதான்னு கேக்குறாங்க!"

மோட்டாரின் பக்கவாட்டில் சின்னத் துளை ஒன்று இருக்கும். ஓடும்போது அதிலிருந்து ஒண்ணுக்குப் போகிற மாதிரி தண்ணி பீச்ச வேண்டும். பீச்சினால் உள்ளே குளிர்ச்சி ஓடுகிறது. என் மோட்டாரில் ஒரு சொட்டு வரவில்லை. நிறுத்து நிறுத்து என்று பாய்ந்து நிறுத்தினேன். புது இம்பெல்லரைத் தலைகீழாகப் போட்டுவிட்டேனா, குழாய் சரியாக உட்காரவில்லையா, உப்பு உள்ளே அடைத்துவிட்டதா? மறுபடி அத்தனையும் கழற்ற வேண்டுமா என்று கை நடுங்கியது.

"துளையிலயே குத்திப் பாரு மாப்ள" என்றான் அவன். சைக்கிள் போக்ஸ் கம்பியை விட்டேன். கம்பி முனையில் செம்மண். குளவி! நாலு வருஷத்தில் எந்தக் குளவியோ அந்தத் துளையில் மண் பூசி, உள்ளே முட்டை வைத்து, குஞ்சு வளர்த்துப் போயிருக்கிறது. குத்திக் கிளறி மறுபடி இழுத்தேன். மூன்றாவது இழுப்பில் பிடித்தது. முதலில் சிவப்பாக ஒரு துப்பு. பிறகு கொஞ்சம் வெள்ளையாக, உப்பாக இருக்க வேண்டும். பிறகு தெளிவாக, தென்னங்கீற்று வளைவில், ஒரே சீராகப் பீச்சியது. கையை நீட்டினேன், வெதுவெதுப்பாக இருந்தது. போனில் பார்த்தால் மாப்ள முகத்தைக் காணோம், அறைக் கூரையில் மின்விசிறி மட்டும் தெரிந்தது. போனைக் கீழே வைத்துவிட்டு எங்கேயோ போய்விட்டான்.

அவன் வந்தது மாசி பத்து தேதிக்குப் பிறகு. எங்கள் கடலில் வாரத்துக்கு மூன்று நாள் விசைப்படகு போகும், மற்ற நாலு நாள் நாட்டுப்படகு. நாட்டுப்படகு நாளாகப் பார்த்து விடியற்காலை மூன்று மணிக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனான். ரெண்டாவது இழுப்பில் மோட்டார் பிடித்தது. சற்றுத் தூரம் போய் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினான். அந்த வாசனை வந்ததும் சின்ன வயசில் அவன் அப்பாவோடு போனது ஞாபகம் வந்தது. கடல் குளம் மாதிரி கிடந்தது.

வலை போட்டு முடித்து, மோட்டாரை நிறுத்திவிட்டு, தூக்குச்சட்டி பழையதைத் திறந்தபோது சொன்னேன். ஊரடங்கு, 22,000, அட்வான்ஸ், எல்லாம். அவன் மிளகாயைக் கடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"தெரியும்" என்றான்.

"எப்புடி?"

"அந்த ஆளு பில்லு கேட்டு எனக்குத்தான் போன் பண்ணுனான். மானியத்துல வாங்குன மோட்டாரு, பில்லு இல்லாம எவன் வாங்குவான்? மாப்ள சொல்லட்டும், அனுப்புறேன்னு சொன்னேன்."

"நீ ஏன் எனக்குப் போன் பண்ணல?"

"நீ பண்ணுவன்னு பாத்தேன்."

கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் சாப்பிட்டோம். "ஒரு வாரம் பாத்தேன்" என்றான் பிறகு. "அப்பறம் நகையத் திருப்பியாச்சான்னு தங்கச்சிகிட்ட என் வீட்டுக்காரிய விட்டுக் கேக்கச் சொன்னேன். இல்லைன்னுச்சு. சரி, விக்கலன்னு தெரிஞ்சிக்கிட்டேன்."

எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. படகின் அடியில் அறுந்த பச்சை நரம்புத் துண்டு ஒன்று காலில் சிக்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு, கைகழுவுகிறபோது கடலில் போட்டேன்.

"டேய்!" என்றான். "அத ஏண்டா தண்ணில போடுற? வாலுல சுத்தும்டா. எடு, எடு."

பாதி உடம்பை வெளியே நீட்டி, அது முழுகுவதற்குள் எடுத்துவிட்டேன்.